வடக்குச் சுவர்

"போன வாரம் பொள்ளலா கேக்குதுன்னு சண்டைக்கு வந்தீங்க. இன்னைக்குக் கெட்டியா கேக்குதுன்னும் சண்டையா? செவுரு என்னதான் செய்யும் யக்கா?"

கொத்தனார் திருமலைச்சாமி சாரத்திலிருந்து இறங்காமலே சிரித்தார். ஞானம்மா சிரிக்கவில்லை. விரலை மடக்கி வடக்குச் சுவரை மறுபடியும் தட்டினாள். தெற்கிலும் கிழக்கிலும் காலிப் பானைபோல ஒலித்த வீடு இங்கே மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, நடுவே இடைவெளி விட்டுக் கட்டும் சுவர். முதலில் அந்த இடைவெளிமீதுதான் அவளுக்குச் சந்தேகம். குளிரைக் கொண்டுவருவதே காற்று. அதைச் சுவருக்குள் அடைத்தால் கதகதப்பு எங்கிருந்து வரும்? அசையாத காற்று கம்பளிக்குச் சமம் என்றார் பிளான் போட்ட என்ஜினியர் லீலா. தெற்கு ஜன்னலில் வரும் வெயிலின் சூட்டைச் சுவர் வெளியே விடாது. ஹீட்டரும் வேண்டாம், கணப்பும் வேண்டாம். ஞானம்மா பாதிதான் நம்பினாள். சிறுவயதில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீட்டில், ஒரு தடித்த சாக்கைவிட இரண்டு மெல்லிய சாக்குகளுக்குள் நன்றாகத் தூக்கம் வந்தது நினைவிருந்தது. மீதிப் பாதி நம்பிக்கை அதனால் வந்தது.

கணவர் கணபதிக்கு இழுப்பு. விறகுப் புகை பட்டால் விடியும்வரை உட்கார்ந்தே இருப்பார். நெருப்பில்லாவிட்டால் குளிரில் நெஞ்சு அடைக்கும். அவருடைய கட்டில் வரப்போவது இந்தச் சுவரோரம்.

"மூலையில கம்பி போட்டுக் காங்கிரீட் ஊத்திருக்கு. அதான் கெட்டி."

"இது மூலை இல்லதானே, கொத்தனாரே. நடு."

அவர் கரண்டியைச் சட்டி விளிம்பில் வழித்தார். மற்ற சுவர்கள் செங்கல் தெரிய நிற்க, இது மட்டும் பூசப்பட்டிருந்தது. முந்தாநாள் அவள் பேரிக்காய் பறிக்கப் போகும்போது இங்கே உடைந்த கல்லும் காய்ந்த கலவையுமாக ஒரு குவியல் கிடந்தது. திரும்பி வந்தபோது தரை துடைத்ததுபோல இருந்தது; சுவரின் இடைவெளிக்குள் போகாமல் அது வேறெங்கே போயிருக்கும்?

"மழையில நனையுமேன்னு பூசினேன். நல்லது செஞ்சாலும் குத்தமாக்கும்."

"மழை வெளியிலதானே. உள்பக்கம் ஏன் பூசினீங்க?"

பண்ணைக்காட்டுப் பக்கமிருந்து ஏறிய மூடுபனி, கண்ணாடி போடாத ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. வாசலில் கணபதி இருமினார். ஞானம்மா சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். சில்லென்று ஒட்டியது. கீழே கிடந்த சுத்தியலை எடுத்து, பிடியை அவர் பக்கமாக நீட்டினாள்.

"ஒரே ஒரு கல்லு. இந்த எடத்துல ஒரு கல்ல மட்டும் எடுத்துக் காட்டுங்க. பாத்துட்டுப் பேசாம போயிடுறேன்."

சாரத்தின் கம்புகளுக்கிடையே பனி நிறைந்துகொண்டிருந்தது. சுத்தியலின் பிடி அதற்குள் நீண்டிருந்தது.