உள்ளே நின்ற திரை

விடிந்ததிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்து முடுக்கி வளையத்தில் எலக்ட்ரான் கற்றை ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை. கட்டுப்பாட்டு அறையில் தலைவர் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். எனக்கு மட்டும் அது நல்ல நாள்.

காரணம் என் கணவர். மூன்று வருடமாக வேறொரு நாட்டு வளையத்தில் வேலை. எங்கள் இயந்திரத்தை ஓடவைக்க உதவ அன்று விடியற்காலைதான் வந்திருந்தார். கற்றை நிலையாகச் சுற்றத் தொடங்கியதும் கிளம்பிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதாவது, கற்றை சுற்றாதவரை அவர் என் ஊரில் இருப்பார்.

கற்றையைக் கவனிக்கும் கருவிகள் என் பொறுப்பு. கற்றை ஓடும் குழாயின் சுவரில் பொத்தான் அளவு உலோகத் தகடுகள் பதித்திருக்கும். கற்றை கடந்தால் அவை சின்னதாக ஒரு மின்துடிப்பு தரும். நாங்கள் அவற்றைக் காதுகள் என்போம். அன்று எட்டாம் காதுவரை துடிப்பு வந்தது. ஒன்பதில் ஒன்றுமே இல்லை.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஓர் ஒளிரும் திரை உண்டு. தேவைப்படும்போது குழாய்க்குள் இறக்கிக் கற்றையின் வடிவத்தைப் பார்ப்போம். ஆனால் திரையில் மோதினால் கற்றையின் கதை அத்தோடு முடிந்தது. அதனால் பார்த்த கையோடு வெளியே இழுத்துவிட வேண்டும்.

"திரை வெளியதான் இருக்கு, பச்சை எரியுதே. காந்தத்தைப் பாருங்கய்யா!" என்று கத்தினார் தலைவர். கற்றையை வளைத்துச் செலுத்தும் காந்தங்களைச் சோதிக்க, காந்தக் குழு மீட்டர்களோடு ஓடியது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எங்க காந்தத்துல ஒரு கோளாறும் இல்ல" என்று போகிறபோக்கில் ஒருவன் முணுமுணுத்தான்.

அந்தப் பச்சை விளக்குக்கு ஒயர் இணைத்தது நான். போன வாரம், அவர் வருகிறார் என்ற செய்தி வந்த அன்று. கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். சந்தேகம் வந்து, திரையைப் படம் பிடிக்கும் கேமராவை என் மேசைக் கணினியில் மட்டும் போட்டுப் பார்த்தேன். கற்றையைச் செலுத்தும் ஒவ்வொரு முறையும் பச்சையாக ஒரு பொட்டு மின்னி அணைந்தது. ஒயரை மாற்றி இணைத்திருக்கிறேன். திரை உள்ளேதான் நிற்கிறது.

ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அது வெளியே வந்துவிடும். நான் கேமராவை அணைத்துவிட்டு, ஏதோ யோசிப்பதுபோல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். இருக்கட்டும். இன்று இரவு அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

மதியம் போய் மாலையானது. அவர் நாலு நாற்காலி தள்ளி, கணினியிலேயே கண்ணாக இருந்தார். பிடரியில் நரை ஏறியிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் போய்ப் பேச வழியில்லை, சுற்றிலும் ஆட்கள்.

தலைவர் போனை வைத்துவிட்டு வந்தார். "நாளைக்கும் உங்களை வச்சுக்கலாமான்னு கேட்டேன். உங்க ஆளுங்க முடியாதுன்னுட்டாங்க. சுத்தினாலும் சுத்தலைன்னாலும் நீங்க இன்னிக்கே கிளம்பணுமாம். காருக்குச் சொல்லிட்டேன்."

அவர் எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தார்.

"திரையை எடுத்துடு" என்றார் மெதுவாக.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எட்டுல கேட்டு ஒன்பதுல கேக்கலைன்னா வேற என்னவாம்? காலையிலயே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கார் மதியமே வந்திருக்கும்."

ஆக, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு முழுப் பகலைத் திருடி, அதை ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தே வீணடித்திருக்கிறோம். சிரிப்பு வரவில்லை.

பொத்தானை அழுத்தினேன். அடுத்த செலுத்தலில் ஒன்பதாம் காது கேட்டது. பத்து, பதினொன்று, வளையம் முழுக்கக் கேட்டது. சற்று நேரத்தில் கற்றையின் மின்னோட்ட அளவு ஏறி நிலையாக நின்றது. அறையே கைதட்டியது. தலைவர் காந்தக் குழுக்காரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்தச் சத்தத்துக்குள் யாருக்கும் கேட்காதென்று நினைத்து, "போகாதீங்க. என்னால முடியல. இங்கயே வந்துடுங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கைதட்டல் ஓய்ந்துவிட்டது. எல்லோரும் அவரவர் மேசையைப் பார்த்தார்கள்.

அவர் பெட்டியை எடுக்கப் போனவர் நின்றார். முகம் என்னமோ போலாகிவிட்டது.

"மூணு வருஷத்துல ஒரு தடவை இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? நீ சொல்லுவேன்னுதான் ஒவ்வொரு போனையும் எடுத்தேன். போன மாசம்தான் அங்க இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்."

கார் வந்துவிட்டதாக வாசலிலிருந்து சொன்னார்கள். நான் அவருக்கு முன்னால் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். அவர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.