எல்லாம் நல்லா இருக்காம்

"இந்தச் செருப்புகூட என்னை மதிக்கல. போடப் போடச் சுருங்குது," என்றார் முடிதிருத்துபவர், வாசலில் ஒற்றைக் காலில் தள்ளாடியபடி.

மனைவி சிரிக்கவில்லை. கால் ஏன் வீங்குகிறது என்று வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சில மாதங்களுக்கு முன், ஓயாத அசதி என்று அவர் இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். கடையில் கூட்டம், முடிவை வாங்க இவள்தான் போனாள்.

"கிரியாட்டினின் ஏறியிருக்கும்மா. சிறுநீரகம் பாதிக்கும் குறைவாத்தான் வேலை செய்யுது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். பிரஷர் மாத்திரை எழுதித் தரேன், உப்பைக் குறைங்க. வலி மாத்திரையைத் தொடவே கூடாது. மாசாமாசம் அவரைக் கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டர்.

ஊசியைப் பார்த்தாலே நாற்காலியைத் தேடுகிற மனுஷன். கேட்டால் அன்றைக்கே இடிந்துபோவார். "எல்லாம் நல்லா இருக்காம்," என்று சொல்லிவிட்டாள். பிரஷர் மாத்திரை சத்து மாத்திரை ஆனது. சாப்பாட்டில் உப்பு குறைந்தது. "ஏன், கடல் வத்திப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். டாக்டரிடம் கூட்டிப்போனால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அதையும் தள்ளிப்போட்டாள். வலி மாத்திரை பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அவர்தான் வலி என்றே சொல்வதில்லையே.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. நாள் முழுக்க நின்று மூட்டு விண்விண் என்று தெறிக்கும். தெரிந்தால் கடையை மூடச் சொல்வாள். அதனால் காலையும் மாலையும் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். சிறுநீர் நுரைத்துப் போனதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரிப்போர்ட்தான் நன்றாக இருக்கிறதே.

அன்று கடையில், பாதி சவரத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். "இனி வாரம் மூணு தடவை டயாலிசிஸ். தினமும் ரெண்டு வலி மாத்திரை போட்டேன்னு சொல்றீங்களே, அது கூடாதுன்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

"யார்கிட்ட சார் சொன்னீங்க?"

மனைவி தரையைப் பார்த்தாள். "நீங்க பயந்துடுவீங்கன்னுதான்..." என்றாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை. அவள் கையை இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

"ஊரெல்லாம் வாயடிச்சேன், வலிக்குதுன்னு உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அது என் தப்பு. ஆனா நோய் யாருக்கோ, அவங்களுக்குத்தான்டி மொதல்ல சொல்லணும். பயந்திருப்பேன். அழுதுகூட இருப்பேன். அழுதுட்டு அந்த வலி மாத்திரையை விட்டிருப்பேன்."