பெரிய பட்டன் ரிமோட்

ரிமோட்டின் மேல் கஞ்சி கொட்டியது ஒரு திங்கட்கிழமை. கோகிலா அதைத் துடைத்தாள், கழற்றினாள், அடுப்புக் கல்லின் மேல் வைத்துக் காயவைத்தாள். மறுநாள் ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை. டீவியின் முன்பக்கத்துப் பட்டன்களோ அது பழசாகக் கொழும்பிலிருந்து வந்தபோதே உள்ளே அமுங்கிப்போனவை. சுவர் சுவிட்சைப் போட்டால் சிவப்புப் புள்ளி ஒன்று எரியும், அதோடு சரி.

மற்ற வீடென்றால் டீவி இல்லாமல் சமாளித்துவிடுவார்கள். அவள் புருஷன் காத்தமுத்துவால் முடியவில்லை. போன மாரியில் வந்த பாரிசவாதம் அவனைக் கட்டிலில் தள்ளியிருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. மகள் சுமித்ரா கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். அது யுத்த காலம், இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். கொழும்பில் எந்த பஸ்ஸில் என்ன வெடித்தது, எந்தப் பக்கம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஒவ்வொரு செய்தியாகப் பார்த்தால்தான் அவனுக்கு மூச்சு வரும். இப்போது அவன் அணைந்த டீவியையே பார்த்துக்கொண்டு கிடந்தான். சோறு இறங்கவில்லை.

"புள்ளைக்கு ஒன்னும் இருக்காதுங்க. ஏதாச்சும்னா பக்கத்து வீட்டு அந்தோனியம்மாக்கா போனுக்கு அவ கோல் எடுக்க மாட்டாளா?" என்றாள் கோகிலா.

"எடுக்க... விடணுமே," என்றான் அவன்.

அன்றிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போதுகூட அந்தச் சொல் அவளை விடவில்லை.

வெள்ளிக்கிழமை பாலை நிறுத்துக் கொடுத்த கையோடு, பக்கத்துக் காம்பரா அந்தோனியம்மாவையும் கூட்டிக்கொண்டு புளத்கொகுபிட்டிய டவுனுக்கு பஸ் ஏறினாள். காத்தமுத்துவின் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரை வைத்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்திருந்தாள்.

அப்துல் ரஸாக்கின் கடையில் ஜும்ஆ தொழுகைக்காக ஒரு கதவை ஏற்கனவே சாத்தியிருந்தார்கள்.

"என்ன டீவி?" என்று கேட்டார் ரஸாக்.

"கலர் டீவிங்க, மொதலாளி. பதினாலு இஞ்சி."

"கம்பனிப் பேரு?"

கோகிலா அந்தோனியம்மாவைப் பார்த்தாள். பேர் இருந்த இடம் தேய்ந்து வெறும் பசைத் தடமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

"பேர் தெரியாட்டி யூனிவர்சல் ரிமோட்தான் எடுக்கணும். எல்லா டீவிக்கும் சரிவரும். அனேகமா," என்றார் ரஸாக். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து மூன்றை எடுத்து மேலே வைத்தார்.

அனேகமா என்ற அந்தச் சொல் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. முதலாவது மெலிந்து அழகாக இருந்தது, ஆனால் பட்டன்கள் உளுந்து உளுந்தாக நெருங்கிக் கிடந்தன. இரண்டாவது வெள்ளி நிறம், கையில் வழுக்கியது. மூன்றாவது கறுப்பு. முழங்கையில் பாதி நீளம், செங்கல் மாதிரி கனம், பட்டன்கள் ஒவ்வொன்றும் காசு அளவு.

"இந்தச் சின்னதத்தான் எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்க," என்றார் அவர்.

கோகிலா இடது கையில் அதை எடுத்து, காத்தமுத்து எப்படி அழுத்துவானோ அப்படிப் பெருவிரலைத் தளர்த்தி வைத்துப் பார்த்தாள். ஒன்றை அழுத்தப் போனால் மூன்று சேர்ந்து அமுங்கின. பெரியதை எடுத்தாள். லேசாகத் தொட்டாலே இறங்கியது. ஆனால் இவ்வளவு கனத்தை அவனால் தூக்க முடியுமா? திரும்பச் சின்னதை எடுத்தாள். ரஸாக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி. அவருக்கு வலது கை வராது. இடது கைதான், அதுவும் நடுங்கும். அதான் யோசிக்கிறேன்."

ரஸாக்கின் முகம் மாறியது. "அத மொதல்லயே சொல்ல வேணாமா, தங்கச்சி? பெரிச எடுங்க. தூக்கத் தேவல்ல, பாயில வச்சே அமுக்கலாம்." டீவிக்குரிய கோட் நம்பரைத் தேடும் விதத்தையும் காட்டினார். செட் பட்டனை லைட் எரியும்வரை பிடித்திருக்க வேண்டும், பிறகு பவர் பட்டனை நிதானமாக அமுக்கிக்கொண்டே போக வேண்டும், டீவி உயிர் பெற்றதும் விட்டுவிட வேண்டும்.

"ஒன்னுமே சரிவரலேன்னா?"

"கொண்டாங்க. மாத்தித் தாரேன்."

கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்திருந்த சாமான், அதனால் பெட்டி இல்லை. ரஸாக் இரண்டு பெற்றரியைப் போட்டு, கடைப் பேர் அச்சடித்த பையில் வைத்துக் கொடுத்துவிட்டு அவசரமாகக் கதவை இழுத்தார். பில் கேட்க வேண்டும் என்று கோகிலாவுக்குத் தோன்றவே இல்லை.

தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் செக்பொயின்ட். காலையில் அங்கே யாரும் இல்லை. இப்போது பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, பைகளைத் திறந்து காட்டியபடி நடக்கச் சொன்னார்கள். கோகிலாவின் முறை வந்தது. இளவயதுப் பொலிஸ்காரன் பைக்குள் கையை விட்டு அந்தக் கறுப்புச் சாமானை வெளியே எடுத்தான். பின்னால் நின்றவர்கள் ஓரடி விலகியதை அவள் உணர்ந்தாள்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"டீவி ரிமோட் எக்க, மாத்தயா," என்றாள் அவள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இவ்வளவு பெரிய ரிமோட்டா, பெட்டி எங்கே, பில் எங்கே என்று அவன் அடுக்கினான். அடையாள அட்டையை வாங்கிப் பெயரையும் தோட்டத்தையும் வாசித்தான். பிறகு ரிமோட்டை விரல் நுனியில் பிடித்தபடி மேசையிலிருந்த சார்ஜனிடம் கொண்டுபோனான். பஸ் கொண்டக்டர் போகலாமா என்று கேட்டான். போகச் சொன்னார்கள்.

அந்தோனியம்மா அவள் கையைப் பிடித்தாள். "நானும் இருக்கேன் புள்ள."

"வேணாங்க்கா, நீங்க போங்க. அவரு தனியாக் கெடக்காரு. பஸ்ஸ உட்டுட்டேன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒன்னும் சொல்லிறாதீங்க."

அந்தோனியம்மா அழுதுகொண்டே ஏறினாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்பது பஸ் திரும்பிய பிறகுதான் கோகிலாவுக்கு உறைத்தது.

சார்ஜன் பையிலிருந்த கடை நம்பருக்கு போன் எடுத்தார். மணி அடித்து அடித்து நின்றது. பள்ளிவாசல் விட்டு ரஸாக் வர நேரமாகும் என்று கோகிலா சொன்னாள். அப்படியானால் இரு என்று பெஞ்சைக் காட்டினார்.

அவள் உட்கார்ந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் போன மாதம் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனதும், அவன் மனைவி பொலிஸ் வாசலிலேயே கிடந்ததும் நினைவில் வந்தன. அவனிடம் இருந்தது ஒரு பழைய கைப்பேசி மட்டும்தான். சின்னதை எடுத்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது. சின்னதை இடுப்பில் செருகியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அடுத்த நிமிஷமே, செருகியிருந்து பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தோன்றியது. அவளை உள்ளே போட்டுவிட்டால் அவனுக்கு யார் கஞ்சி ஊற்றுவார்கள்? மகளுக்கு யார் சொல்வார்கள்? சொன்னால் அவள் அங்கிருந்து ஓடி வருவாளே, வழியில் அவளையும் பிடித்தால்?

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, போன் எடுபட்டது. சார்ஜன் திரும்பி நின்று தணிந்த குரலில் பேசினார். கோகிலாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவளைப் பார்த்துக் கேட்டார்:

"உன் புருஷனுக்கு எந்தக் கை வராது?"

அவளுக்குச் சட்டென்று எல்லாம் குழம்பியது. அவன் எதிரே உட்கார்ந்து ஊட்டியே பழகியவள், அவள் இடப்பக்கம் அவன் வலப்பக்கம். தப்பாகச் சொன்னால் முடிந்தது. கண்ணை மூடி, கட்டிலில் அவன் கிடப்பதுபோலத் தன் உடம்பையே நினைத்துக்கொண்டு வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"தகுண அத்த, மாத்தயா. வம அதின் தமய் ஒபன்னே," என்றாள். வலது கை, இடது கையால்தான் அமுக்குவார்.

சார்ஜன் போனை வைத்தார். ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றி இரண்டு பெற்றரியையும் எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, ரிமோட்டையும் அட்டையையும் அவளிடம் நீட்டினார். இனிமேல் எது வாங்கினாலும் பில்லோடு வா என்றார். பெற்றரியைக் கேட்காமலே அவள் ரோட்டில் இறங்கி நடந்தாள்.

தோட்டத்து லயத்து வீட்டுக்கு அவள் ஏறி வந்தபோது வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். காத்தமுத்து கட்டிலில் இல்லை. கதவு நிலைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தான். அந்தோனியம்மா அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். பாதி சொன்னதுமே எழும்பப் பார்த்து விழுந்துவிட்டான், பிறகு தூக்க விடவில்லை, வாசல் தெரிகிற இடத்திலேயே கிடப்பேன் என்று அடம்பிடித்தான் என்றாள். நெற்றி ஓரம் வீங்கியிருந்தது. கோகிலா குனிந்ததும் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தக் கையில் இவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"எனக்கு... டீவி வேணாம்," என்றான்.

"சரிங்க. வேணாம்."

அன்று யாரும் டீவிப் பக்கம் போகவில்லை. அவனைத் தூக்கிக் கிடத்தி, நெற்றிக்கு எண்ணெய் தடவி, அவள் கட்டிலடியிலேயே உட்கார்ந்திருந்தாள். விடியப்போகும் நேரத்தில் அவனே டீவியைக் கண்ணால் காட்டினான்.

"புள்ள இருக்கிற பக்கம்... என்னமோ தெரியலையே."

கோகிலா சுவர்க் கடிகாரத்துப் பெற்றரியைக் கழற்றினாள். அந்தோனியம்மா தன் வீட்டுக் கடிகாரத்திலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தாள். செட் பட்டனைப் பிடித்து, பவரை அமுக்க ஆரம்பித்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. விரல் வலித்தது. ஒரு தடவை நிதானம் தப்பி முதலிலிருந்து தொடங்கினாள். அனேகமா என்று ரஸாக் சொன்னது இதற்குத்தானா என்று நினைத்தபோது திரை பளிச்சென்று வெளுத்தது. ரிமோட்டைப் பாயில் வைத்து அவன் இடது கையை அதன் மேல் வைத்தாள். அவன் அமுக்கினான். சத்தம் கூடியது. செய்தியில் வடக்கைப் பற்றிச் சொன்னார்கள், கொழும்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவன் பெருமூச்சு விட்டான்.

அவள் பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர் மலைக்குப் போனாள். நேற்றெல்லாம் நடுங்காத கை முதல் மரத்தடியில் நின்றதும் நடுங்கத் தொடங்கியது. பட்டையில் கத்தி ஆழமாக இறங்கி, மரத்தின் வெள்ளைத் தசை தெரிந்தது. மேல் வரிசையில் நின்ற கங்காணி கண்டுவிட்டார்.

"என்னா கோகிலா, மரத்துக்குக் காயம் போடுறே? கை நடுங்குதா?"

"குளிருங்க," என்றாள்.

கத்தியைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் நெடுநேரம் தேய்த்தாள். நடுக்கம் முழுசாக நிற்கவில்லை. கொஞ்சம் குறைந்ததும் அடுத்த மரத்துக்குப் போனாள்.