கூடத்துக்குள் வந்த கார்

கடலோர ஊரான ஜிபாராவில் புயல் என்றால் மனிதர்களைவிடக் கார்களைப் பற்றித்தான் கவலை அதிகம். மனிதனுக்கு ஒதுங்க யாராவது சொந்தக்காரர் வீடு கிடைக்கும். காருக்கு ஏது?

ஒடாலிஸின் பச்சைக் காருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. தினமும் பக்கத்து நகரமான ஒல்கினுக்கு ஆள் ஏற்றிப்போய் அவளுக்குச் சோறு போடுவது அதுதான். அது போனால் அவள் பிழைப்பும் போச்சு. அவள் கொட்டகைக்கோ தகரக் கூரை, பலமாகத் தும்மினாலே பறந்துவிடும். கான்கிரீட் கூரையும் அகலமான வாசலும் உள்ள வீடு அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். அது எவேலியோவின் வீடு. அவளுடைய முன்னாள் கணவன். விவாகரத்தில் வீடு அவனுக்கு, கார் அவளுக்கு என்று பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பேசவேண்டியதை எல்லாம் பக்கத்து வீட்டு மிர்த்தா சுமந்தாள்.

காலையிலேயே ஒடாலிஸ் வேலையை ஆரம்பித்துவிட்டாள். காரின் மழைத் துடைப்பான்களையும் பக்கக் கண்ணாடிகளையும் கழற்றித் தலையணை உறைக்குள் போட்டாள். ஜன்னல்களை ஏற்றி, இடுக்குகளை எல்லாம் டேப் ஒட்டி அடைத்தாள். கரண்ட் போனால் எவேலியோவின் கூடத்தில் மெழுகுவர்த்தி எரியும், பெட்ரோல் ஆகாது என்று டாங்கியைக் கேனில் வடித்துத் தன் கொட்டகையிலேயே வைத்துவிட்டு, போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் விட்டுவைத்தாள்.

மிர்த்தா மூலம் எவேலியோவிடம் சம்மதம் வாங்கியாயிற்று. அவன் வாசலில் இருவரும் ஐந்தடி தூரத்தில் நின்றார்கள், நடுவில் மிர்த்தா.

"மிர்த்தாக்கா, சோபாவ ஓரமா தள்ளிட்டேன்னு அவகிட்ட சொல்லுங்க," என்றான் எவேலியோ.

"தள்ளிட்டானாம்."

"காது கேக்குது. கதவு உயரம் பத்தாதேன்னு சொல்லுங்க அந்த ஆளுகிட்ட."

உண்மைதான். வீட்டின் தளத்தை உயர்த்தியதில் வாசலின் உயரம் நாலு விரல் குறைந்திருந்தது. அதற்கு வழி தெருவுக்கே தெரியும். கனமான ஆட்களை உள்ளே உட்காரவைத்தால் வண்டி இறங்கும். நூற்றிருபது கிலோ மீன்காரன் ஒஸ்னியல் முன்னால் ஏறினான். பின்னால் மிர்த்தாவும், அவள் மடியில் கோழியும், எடையில் அவளுக்குச் சற்றும் இளைக்காத மூன்று பேரும். கார் பெருமூச்சு விட்டு இறங்கியது. ஒடாலிஸ் மெதுவாக உள்ளே ஓட்டினாள்.

பாதி கார் கூடத்துக்குள் போனபோது பெட்ரோல் தீர்ந்தது.

"இறங்கித் தள்ளுவோம்," என்றான் ஒஸ்னியல். எல்லாரும் நல்ல மனசோடு இறங்கினார்கள். பாரம் இறங்கியதும் கார் எழும்பியது. அதன் கூரை வாசல் உத்தரத்தில் நறுக்கென்று போய் மாட்டிக்கொண்டது. முன்பாதி கூடத்தில், பின்பாதி தெருவில். மழை தூற ஆரம்பித்துவிட்டது.

"ஏறுங்க எல்லாரும்," என்று கத்தினாள் ஒடாலிஸ். ஏறினார்கள். கார் இறங்கியது. ஆனால் தள்ள ஆளில்லை. அவளே பின்னால் போய்த் தள்ளிப் பார்த்தாள். மலையைத் தள்ளின கதைதான். எவேலியோ கைகட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

"மிர்த்தாக்கா, அந்த ஆள தள்ளச் சொல்லுங்க."

டேப் ஒட்டிய கண்ணாடிக்குள் மிர்த்தா காதில் கை வைத்துக் காட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒடாலிஸ் இன்னும் சத்தமாகச் சொன்னாள். கோழிதான் திரும்பிப் பார்த்தது. தெருவில் யார் வீட்டுத் தகரமோ கடகடவென்று உருண்டு போயிற்று. தன் கையாலேயே ஒட்டிய டேப்பைப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது.

"யோவ் எவேலியோ," என்றாள். "தள்ளுய்யா."

"இத மூணு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"அப்ப நல்லாத்தான் ஓடிச்சு."

அவன் சிரித்துக்கொண்டே முதுகைக் கொடுத்தான். இரண்டு பேர் தள்ளியதில் கார் கூடத்துக்குள் போய்ச் சேர்ந்தது. எடைக்கு வந்தவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். ஒடாலிஸ் மட்டும் காரை விட்டு நகர மாட்டேன் என்று முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். புயல் இருட்டும்வரை ஆடித் தீர்த்தது. அவள் காரில், அவன் சோபாவில். நடுவில் அவன் காபி கொண்டுவந்து கார்க் கதவைத் தட்டினான். சொல்லியனுப்ப மிர்த்தா இல்லை. நன்றியை அவளே சொல்லவேண்டியதாயிற்று.

மறுநாள் காலை கொட்டகையின் கூரையைக் காணவில்லை. காரில் ஒரு கீறல்கூட இல்லை. வெளியே எடுக்க எடைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒடாலிஸ் துடைப்பானை மாட்டிக்கொண்டிருந்தாள்.

எவேலியோ தொண்டையைச் செருமினான். "மிர்த்தாக்கா, புயல் சீசன் நவம்பர் கடைசி வரைக்கும் இருக்குன்னு அவகிட்ட சொல்லுங்க."

"ஏன், அந்த ஆளுக்கு வாயில்லையா? நேரா சொல்லச் சொல்லுங்க."

"நீங்களே பேசிக்கங்க, கோழிக்குத் தீனி வைக்கணும்," என்று மிர்த்தா கிளம்பிவிட்டாள். மற்றவர்கள் மட்டும் நகரவில்லை.

எவேலியோ தரையைப் பார்த்தான். "ஒடாலிஸ், வண்டி ராத்திரியில இங்கயே நிக்கட்டுமே."

"தினமும் உள்ள வர எடைக்கு எங்க போறது?"

"உத்தரத்த இன்னிக்கே வெட்டி உசத்திடறேன்."

ஒடாலிஸ் அப்போதுதான் மாட்டிய துடைப்பானைக் கழற்றித் திரும்பத் தலையணை உறைக்குள் போட்டாள்.