மூன்று பியூஸ் கட்டைகள்

எங்கள் பம்ப் கம்பெனி செம்பட்டி சாலையில் இருக்கிறது. படித்து முடித்த கையோடு வரும் இன்ஜினியர்களில் வருஷத்துக்கு ஆறு பேரைத் 'தலைமைப் பயிற்சித் திட்டம்' என்று எடுப்பார்கள். இரண்டு வருஷம் எல்லாப் பிரிவிலும் ஓட விடுவார்கள். மூன்றாம் வருஷம் இருபது ஆட்களைக் கையில் கொடுப்பார்கள். ஓடுகிறவனுக்கு எதற்குத் தலைமை என்று பேர் என நான் கேட்டதில்லை. நான் அலுவலகக் கிளார்க், பேர் இஷாக். நேர்காணல் நாளில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் தாளை நிரப்புவேன்.

இந்த முறை நாற்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேருக்குக் காலை, மீதிப் பேருக்கு மதியம். சென்னையிலிருந்து வந்த அதிகாரி எல்லாரிடமும் தவறாமல் கேட்ட கேள்வி, நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள் என்பது. எடுத்த வேலையைப் பாதியில் விட மனசு வராது, அதுதான் என் தவறு என்று காலையில் மட்டும் பதினொரு பேர் சொன்னார்கள். பொழுது போகாமல் கோடு போட்டு எண்ணினேன். ஊரில் எல்லாருக்கும் ஒரே ஆள்தான் கோச்சிங் கொடுக்கிறான் போல.

பதினோராவது கோடு நாகஜோதிக்கு. சாணார்பட்டிப் பக்கத்துப் பெண், எலக்ட்ரிகல் படித்தவள். அப்பா உடையப்பன், விவசாயம் என்று விண்ணப்பத்தில் இருந்தது. கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவள் மேசையைத்தான் பார்த்தாள். அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

அடுத்தது செய்முறை. நாலு பேருக்கு ஒரு மோட்டார். வேண்டுமென்றே ஒரு பழுதை வைத்திருப்போம். இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்து ஓட்ட வேண்டும். ஓடினால் குழுவுக்கு இருபது மதிப்பெண், ஓடாவிட்டால் பூஜ்யம். காலையின் கடைசிக் குழுவில் வந்த நாகஜோதி முதல் வேலையாகச் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து, மோட்டாருக்குக் கரண்ட் வராதபடி மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் தோள்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். பிறகுதான் மற்றவர்களை மோட்டாரைத் தொட விட்டாள். எட்டாவது நிமிஷத்தில் அறுந்த வயரை அவளே கண்டுபிடித்தாள். ரோஹித் என்ற பையன் உள்ளே கையை விட்டு அதைத் திருகு போட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். கை வழுக்கி ஒரு திருகு உள்ளே விழுந்துவிட்டது. அதைத் தேடியே நேரம் போனது.

கடைசி நிமிஷத்தில், கட்டையைப் போடுங்க, கையை எடுத்துவிடுகிறேன் என்று ரோஹித்தே சொன்னான். மற்ற இருவரும் கத்தினார்கள். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மொதல்ல கைய எடுங்க. அப்புறம் போடுறேன்."

மணி அடித்துவிட்டது. நான் நாலு பேருக்கும் பூஜ்யம் எழுதினேன். ரோஹித் அவளைப் பார்த்த பார்வையில் ஆள் எரிந்துபோயிருக்க வேண்டும். சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டோம்.

மதியக் குழு வந்து நின்றபோது பெட்டியில் கட்டைகள் இல்லை. அதிகாரி என்மேல் எரிந்து விழுந்தார். நான் அவளுக்குப் போன் போட்டேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இருந்தாள். பையைத் திறந்து பார்த்துவிட்டு, வாரேன் சார் என்று மட்டும் சொன்னாள். வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. கட்டைகளை மேசையில் வைத்தாள். வேலை போச்சு என்று முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பராமரிப்புப் பிரிவுத் தலைவர் ஆரோக்கியம்மாள் மேடம் காலையிலிருந்து அதிகம் பேசாதவர். பெட்டியின் மேலேயே வைத்திருக்கலாமே, பைக்குள் எதற்குப் போட்டாய் என்று அவர்தான் கேட்டார்.

"மேல வெச்சா யாராச்சும் எடுத்துப் போட்டுருவாக மேடம். நானே ஒருக்கா அப்பிடிப் போட்டேன்."

ஒன்பதாம் வகுப்பில் நடந்ததாம். கரண்ட் வந்ததும் தண்ணீர் பாய்ச்சலாம் என்று மோட்டார் ரூமுக்கு ஓடியிருக்கிறாள். பெட்டி மேல் கட்டைகள் கிடந்தன. அப்பாவுக்கு உதவி என்று நினைத்து மாட்டிவிட்டாள். அப்பா கிணற்றுப் பக்கம் வயரைக் கையில் பிடித்திருந்தார். உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. தான்தான் பிடுங்க மறந்துவிட்டதாக அவர் எல்லாரிடமும் சொன்னார். அவள் இதுவரை வீட்டில் வாய் திறக்கவில்லை.

காலையில் கேட்ட கேள்விக்கு இதைச் சொல்லியிருக்கலாமே என்றார் அதிகாரி.

"காலையில சொன்னது மனப்பாடம் பண்ணுனது சார். இதச் சொன்னா யாரு வேல குடுப்பா?"

அவள் போனதும் மேடம் என்னிடமிருந்து தாளை வாங்கிப் பார்த்தார். மோட்டார் ஏன் ஓடவில்லை என்று எங்கே எழுதியிருக்கிறாய் என்றார். அதற்குக் கட்டம் இல்லை என்றேன். அவர் விரலை வைத்த இடத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. எட்டு வருஷமாக நான் அதில் ஒரு எழுத்து எழுதியதில்லை. வெட்கமாக இருந்தது. 'உள்ளே கை இருந்ததால் ஓட்டவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வந்த பட்டியலில் ஆறாவது பேர் அவளுடையது. அவள் போன் அணைந்திருந்ததால் விண்ணப்பத்தில் இருந்த அப்பா எண்ணுக்கு அடித்தேன். மகளுக்கு வேலை கிடைத்ததை உடையப்பனிடம் சொன்னேன். எதைப் பார்த்து எடுத்தாக என்று கேட்டார். பியூஸ் கட்டையைப் பத்திரப்படுத்தியதைச் சொல்லி, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"அந்தப் பழக்கம் எப்பிடி வந்துச்சுன்னு சொன்னாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நான் பேசாமல் இருந்ததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ரெட்டச் சடையோட அவ உள்ள ஓடுனத நான் கிணத்தடியில இருந்து பாத்தேன் சார். சத்தம் போடுறதுக்குள்ள ஆகிப்போச்சு. புள்ள பயந்துருமேன்னு நாந்தான் மறந்தேன்னு சொல்லி வெச்சேன். எனக்குத் தெரியும்கிறது அவளுக்குத் தெரிய வேண்டாம்."

சரி என்றேன்.

"என்னைக்கு வந்து சேரணும்னு சொல்லுங்க. செத்த இருங்க, பேனாவ எடதுகைக்கு மாத்திக்கிடுறேன்."