முந்நூற்றுப் பதினேழாம் நம்பர் கலவை

எல்னா ஃப்ரீஸ் அந்த மாதத்தில் நான்காவது தடவையாகக் கடைக்குள் வந்தார். முன்பக்கத்தைத் தாண்டி நேராகக் கலவை மேசைக்குப் போய், புகையிலைப் பொட்டலத்தைப் பொத்தென்று போட்டார்.

"இதுவும் இல்ல" என்றார்.

தராசுக்குப் பின்னால் நின்ற தோர்கில் முங்க் பொட்டலத்தைத் தொடவில்லை. தொட்டால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று கையைக் கட்டிக்கொண்டார்.

"அட்டையில என்ன அளவு இருக்கோ அதைத்தான் போட்டேன் மேடம்."

"அட்டையையா நான் புகைக்கிறேன்? நீங்க போட்டதைப் புகைக்கிறேன். வைக்கோலைக் கொளுத்தின மாதிரி இருக்கு."

கோபன்ஹேகனில் அந்தக் கடையின் முன்பக்கத்தில் தீப்பெட்டியும் பைப்பும் ரெடிமேட் டப்பாக்களும் விற்பார்கள். அதற்கெல்லாம் தோர்கில் பொறுப்பில்லை. அவருடைய இடம் பின்பக்க மேசை. அங்கே வருகிறவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இலை இலையாக முகர்ந்து, ஒரு சிட்டிகை இது, இரண்டு சிட்டிகை அது என்று கலந்து பைப்பில் அடைத்துப் புகைத்துப் பார்ப்பார். காரம் ஜாஸ்தி, நாக்கு எரிகிறது, இனிப்பு போதாது என்று வாரக்கணக்கில் தோர்கிலின் உயிரை வாங்கிவிட்டு, ஒருநாள் 'இதுதான்யா' என்று மேசையைத் தட்டுவார். அன்றைக்கு அந்தக் கலவைக்கு ஒரு நம்பர் விழும். அளவுகள் ஓர் அட்டையில் ஏறும். அதன் பிறகு சாகும்வரை நம்பரைச் சொன்னால் போதும்.

முந்நூற்றுப் பதினேழு எல்னாவின் கணவர் ஹோல்கருடைய நம்பர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், வாயில் பைப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடம் வேறு புகையிலையை ஏறெடுத்தும் பார்க்காத மனுஷன், போன குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். வீட்டில் அந்த வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவதைப் பொறுக்க முடியாமல் எல்னா தானே பைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். முதல் பொட்டலத்திலேயே ஆரம்பித்தது வம்பு.

தோர்கிலும் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது தடவை, புகையில் வாட்டிய லட்டாக்கியா என்னும் கறுப்பு இலையை அரைப் பங்கு கூட்டிக் கொடுத்தார். மீன் சுடும் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறதென்று திரும்பி வந்தது. மூன்றாவது தடவை ஆவி காட்டி, பலகைக்கடியில் நசுக்கி, பத்து நாள் ஊறவைத்துக் கொடுத்தார். அதுவும் திரும்பியது. போதுமடா சாமி என்று நான்காவதாக அட்டையில் இருந்த அதே அளவைத் திரும்பப் போட்டார். அதுதான் இப்போது மேசைமேல் கிடந்தது.

"எந்தப் பைப்புல பிடிக்கிறீங்க?" என்று முதல் தடவையே கேட்டிருந்தார்.

"அவரோடதுலதான். பின்ன எதிர்வீட்டுக்காரரோடதுலயா?" என்றிருந்தார் எல்னா. அதற்குமேல் அந்தப் பக்கம் யோசிக்க ஒன்றும் இல்லாமல் போனது.

எல்னா போனதும் கடை முதலாளி ஆஸ்டா பின்பக்கம் வந்தாள். அப்பாவிடமிருந்து கடையோடு சேர்த்து அவருடைய நாக்கையும் வாங்கிக்கொண்டவள்.

"அந்தம்மா ஊர் பூரா தண்டோரா போடுது தோர்கில். நேத்து ரெண்டு பேரு தங்களோட நம்பரையும் சரிபார்க்கச் சொல்லிட்டுப் போனாங்க."

"சரிபாருங்க. முப்பத்தோரு வருஷத்துல ஒரு கிராம் மாறினதில்ல."

"சனிக்கிழமை அந்தம்மாவை வரச்சொல்லியிருக்கேன். நம்ம முன்னாடியே புகைச்சுப் பார்க்கட்டும். தப்பு நம்மளோடதுன்னா ஒத்துக்க வேண்டியதுதான்."

"நம்மளோடதுன்னா யாரோடது?"

"உங்களோடது."

அதற்கு என்ன அர்த்தம் என்று தோர்கிலுக்குத் தெரியும். ஒருவருடைய நம்பரில் கை வைத்தவர் மறுபடி தராசைத் தொடக்கூடாது என்பது ஆஸ்டாவின் அப்பா காலத்து வழக்கம். அந்தக் காரணத்துக்காக இரண்டு பேர் முன்பக்கம் போய்த் தீப்பெட்டி விற்றதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். ஒருவர் ஆறே மாதத்தில் வேலையை விட்டார். இன்னொருவர் விடவும் இல்லை, யாரிடமும் பேசவும் இல்லை. அறுபத்தொரு வயதில் தனக்கு அந்தக் கதி என்று நினைத்தபோது தோர்கிலுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. செய்யாத தப்புக்கு இந்தப் பொம்பளை என்னைப் பலி போடப் பார்க்கிறாளே என்று அந்த வாரம் முழுக்கப் பொருமினார்.

சனிக்கிழமை எல்னா கறுப்புக் கோட்டில் வந்தார், சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி. காபி எடுத்துவர ஆஸ்டா உள்ளே போனாள். தோர்கில் முதலில் புத்தம் புதிய மண் பைப் ஒன்றில் கலவையை அடைத்துப் பற்றவைத்தார். மண்ணுக்குப் பழைய ருசி எதுவும் கிடையாது. இலை எப்படியோ அப்படியே காட்டும். ஹோல்கர் மேசையைத் தட்டிய அன்றைக்கு வந்த அதே புகை வந்தது. தோர்கிலுக்குத் தெம்பு வந்தது.

"இப்ப உங்க பைப்பைக் குடுங்க மேடம்."

எல்னா கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். அழகான பைப். வெள்ளி வளையம், கண்ணாடி மாதிரி மெருகு. தோர்கில் வழக்கம்போல் கிண்ணத்துக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே வழவழவென்று மரம். தினமும் புகைத்த பைப்பில் கரி காசு கனத்துக்குப் பிடித்திருக்கும். சுரண்டச் சுரண்ட வரும். இதில் நகத்தின் கனம்கூட இல்லை.

"இதையா தினமும் பிடிச்சாரு?"

"சேச்சே. இது அவரோட அம்பதாவது பொறந்தநாளுக்குக் கிரேன்காரங்க சேர்ந்து வாங்கிக் குடுத்தது. கல்யாணம், கிறிஸ்துமஸ்னாதான் வெளியில எடுப்பாரு."

"அப்ப தினமும் பிடிச்சது?"

"அந்தக் கண்ராவியா? கடிச்சுக் கடிச்சு முனையே போய், கறுப்பு டேப்பைச் சுத்தி வச்சிருந்தாரு. கிட்ட வந்தாலே நாறும். அதை அவரோட கோட்டுப் பையிலயே வச்சு அனுப்பிட்டேன். வெறும் பைப்பா அனுப்ப மனசு வரல, நிரப்பித்தான் வச்சேன். தீப்பெட்டியும் வச்சேன். எல்லாம் அவரோடயே எரிஞ்சுபோச்சு." எல்னா லேசாகச் சிரித்தார். "நல்லதை நான் வச்சுக்கிட்டேன்."

தோர்கிலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இலை கொடுத்தது பாதி. மற்ற பாதி இருபத்தாறு வருடப் புகை ஊறிய அந்த மரம் கொடுத்தது. இந்தம்மா தேடுகிற வாசனை எரியூட்டும் இடத்தில் எரிந்துபோயிற்று. இனி தலைகீழாக நின்று கலந்தாலும் வராது. இதை ஒரு வரியில் சொன்னால் போதும், தராசு தன்னிடமே இருக்கும். இத்தனை வாரம் இல்லாத சந்தோஷம் அவருக்கு வந்தது. வாயைத் திறந்தார்.

எல்னா அவரை முந்திக்கொண்டார். உள்ளே ஆஸ்டாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "முங்க், உங்க மேல கத்துறேன்னு தப்பா நினைக்காதீங்க" என்றார். "எனக்குப் பயமா இருக்கு. அவரோட குரல் எப்படி இருக்கும்னு போன மாசம் நினைச்சுப் பார்த்தேன். வரல. என்ன பண்ணியும் வரல. இந்த வாசனை ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. கலவை சரின்னு நீங்க சொல்லச் சொல்ல, அப்ப நான்தான் மறந்துட்டேனோன்னு தோணுது. அந்த ஆளுக்கு நான் கடைசியா ஒழுங்காப் பண்ணினது அந்தப் பைப்பை வச்சு அனுப்பினது ஒண்ணுதான்."

தோர்கில் அவர் முகத்தைப் பார்த்தார். இந்தப் பொம்பளைக்காக நான் எதுக்குப் பழியை ஏத்துக்கணும் என்று ஒரு நிமிடம் எரிச்சலாகக்கூட இருந்தது. பிறகு அழகான பைப்பைக் கைக்குட்டையில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

ஆஸ்டா காபித் தட்டோடு வந்தாள். "என்ன ஆச்சு?"

"தப்பு என்னோடதுதான்" என்றார் தோர்கில். "இதுல போடுற ஒரு இலை இப்ப வர்றதில்ல. சொல்லாம வேற இலையைப் போட்டுக் கலந்தேன்."

ஆஸ்டா தட்டைக் கீழே வைத்தாள். இலை வரவழைப்பது முழுக்க தோர்கிலின் பொறுப்பு. அவர் சொன்னதுதான் கணக்கு. "யாரைக் கேட்டுப் பண்ணினீங்க?"

"யாரையும் கேக்கல."

"பார்த்தியா ஆஸ்டா!" எல்னா எழுந்தே விட்டார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "என் மூக்கு தப்பு பண்ணல! நான் ஒண்ணும் மறக்கல!" ஆஸ்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகுதான் கோபம் வந்தது. "முப்பத்தோரு வருஷம் பெருமை பேசினீங்களே மனுஷா, வெக்கமா இல்ல? செத்துப்போன ஆளோட நம்பர்னு தானே ஏமாத்தினீங்க?"

"மன்னிச்சுடுங்க மேடம். அந்த இலை இனிமே கிடைக்காது."

"உங்க மன்னிப்பை நீங்களே வச்சுக்குங்க" என்றார் எல்னா. காபியைக் குடிக்காமலே போனார். படியிறங்கும்போது நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

ஆஸ்டா காபித் தட்டை எடுத்துக்கொண்டாள். "திங்கள்லருந்து முன்பக்கம் வந்துடுங்க தோர்கில்" என்று மட்டும் சொன்னாள். அவர் தராசைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரமே எல்னா வந்தார். எப்படியோ புகை பழக்கமாகிவிட்டது, விட முடியவில்லை. முன்பக்கத்தில் நிற்பவர் யாரென்று பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன வேணும் மேடம்?" என்று கேட்டார் தோர்கில்.

"ஏதாவது குடுங்க. உங்க கை படாததா இருக்கணும்."

தோர்கில் திரும்பி, மேல்தட்டிலிருந்து சீல் பிரிக்காத டப்பா ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.