கட்டமஞ்சிக்கு எருசலேம் என்று பெயர் வைத்தவன்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவன் நான். அதற்குக் கூலியாக ஒரு சால்வையும் மத்தியானச் சாப்பாட்டு டோக்கனும் கிடைத்தன.

சித்தூர் சிப்போரா டீச்சரின் ஓவியக் கண்காட்சிக்காகத் திருப்பதியில் சிவசங்கரன் என்பவர் ஒரு மண்டபம் பிடித்தார். கலையை வளர்ப்பவர். அதாவது, கலைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்பவர்.

"யூதப் பொம்பள. சித்தூர்ல இருந்துகினு படம் போடுது. இதவிட இன்னா வேணும் சார்? எருசலேமப் பத்தி உருக்கமா ரெண்டு பக்கம் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். டீச்சரை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை.

2

நான் எழுதிய முதல் வரி: 'புனித நகரின் பொன்னிறக் கற்களைக் கனவில் சுமந்தபடி, நாடிழந்த ஓர் ஏதிலியின் தூரிகை...'

(சிரிக்காதீர்கள். இப்படி எழுதினால்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.)

ஏதிலியாம்! டீச்சரின் அப்பா கொச்சியிலிருந்து சர்க்கரை ஆலைக்கு ஃபிட்டராக வந்தவர். சொந்தக்காரர்கள் இஸ்ரேலுக்குப் போனபோது அவர் போகவில்லை. டீச்சர் பிறந்தது சித்தூர் ஆஸ்பத்திரியில். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்தார். இந்த அறுபத்துமூன்றாம் வயதில் ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரே யூதர் அவர்தான். எருசலேமைப் பார்த்ததே இல்லை.

அவர் வரைந்ததெல்லாம் சித்தூர். மாங்காய் மண்டி, நீவா ஆற்று மணல், கங்கம்மா ஜாத்திரைக் கூட்டம், மழையில் நனையும் பஸ் ஸ்டாண்டு.

3

திறப்பு விழாவன்று டீச்சர் உள்ளே வந்தார். 'அவர் கண்களில் ஓர் ஆழ்ந்த அமைதி' என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் கண்களில் இருந்தது புரையும் எரிச்சலும்.

மண்டபத்தின் நடுவில் பெரிய படம். ஏரிக்கரை, பின்னால் பாறைக்குன்று, மேலே மஞ்சள் வெயில். அடியில் என் கட்டுரையின் தலைப்பே சீட்டாக: 'எருசலேம்: ஒரு கனவு'. பிரமுகர்கள் கைகட்டி நின்று பார்த்தார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்.

படங்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்த செங்கல்வராயன் ஒருவன்தான் சத்தமாகக் கேட்டான். "இன்னா டீச்சர், இது நம்ம கட்டமஞ்சி செருவு இல்ல? தோ பாரு, எங்கக்கா வூட்டு எருமை!" (செருவு என்றால் ஏரி; கட்டமஞ்சி, டீச்சர் குடியிருக்கும் சித்தூர்ப் பேட்டை.)

டீச்சர் கண்ணாடியை உயர்த்திச் சீட்டைப் படித்தார். பக்கத்தில் பலகையில் ஒட்டியிருந்த என் இரண்டு பக்கங்களையும் படித்தார்.

"யாரு எழுதினது?"

பாராட்டப்போகிறார் என்று கையைத் தூக்கினேன்.

"வெள்ளிக்கிழம சாயந்திரம் வெளக்கேத்திட்டு மேக்கால பாத்து ஜெபம் பண்றேன். எருசலேம் அந்தப் பக்கம்தான் கீது. ஆனா என் ஜன்னல்ல தெரியறது கட்டமஞ்சி. கண்ண மூடிக்கோன்னு எனக்கு யாரும் சொல்லல. நாப்பது வருசமா ஜெபத்துல இன்னா தெரிஞ்சுதோ அதத்தான் போட்டுகினு கீறேன். நீ அதும்மேல வேற பேர எழுதிட்ட."

"அது ஒரு குறியீடு டீச்சர்" என்றேன்.

"எருமைக்கு இன்னாய்யா குறியீடு?"

சிவசங்கரன் குறுக்கே வந்தார். "கட்டமஞ்சின்னா யாரும்மா வாங்குவாங்க? எருசலேம்னு சொல்லித்தான் பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் வந்துகினு இருக்காரு."

4

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின.

டீச்சர் படத்தைக் கிழித்தெறிந்தார். (சினிமா.)

டீச்சர் என்னை மன்னித்தார். (எனக்கு வசதி.)

பெங்களூர்க்காரர் கட்டமஞ்சி என்று தெரிந்தே, கண்ணீர் மல்க... (பொய்க்கும் ஓர் அளவு உண்டு.)

நடந்தது வேறு. டீச்சர் படத்தைத் தானே ஆணியிலிருந்து கழற்றினார். மற்ற முப்பதையும் செங்கல்வராயன் கழற்றினான். பிரமுகர்கள் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு வழிவிட்டார்கள். யாரும் ஒரு படத்துக்கும் கை கொடுக்கவில்லை, நான் உட்பட.

"அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. கேஸ் போடுவேன்" என்றார் சிவசங்கரன்.

"போட்டுக்கோ நைனா. கோர்ட்டு சித்தூர்லதான் கீது. நடந்தே வந்துடுவேன்."

வண்டி கிளம்பும்போது ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்தேன். "டீச்சர், இத நான் கதையா எழுதட்டுமா?"

(ஆமாம், கேட்டேன். வெட்கமிருந்தால் எழுத்தாளனாகியிருப்பேனா?)

அவர் மடியில் அந்தப் பெரிய படம் இருந்தது. அதன் மேல் விளிம்பிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

"எழுது. இந்த வாட்டியாவது வந்து பாத்துட்டு எழுது."

5

நான் போகவில்லை. திருப்பதியில் மேசைமுன் உட்கார்ந்தேதான் இத்தனையும் எழுதினேன்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. அந்த வீட்டு வாசலில் நிற்காமல் அதை எழுத முடியாது. நின்றால் கதவு திறக்குமா என்று எனக்குத் தெரியாது. திறந்துவிடுமோ என்பதுதான் பயம்.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் சித்தூருக்கு பஸ் ஏறுங்கள். கட்டமஞ்சியில் டிராயிங் டீச்சர் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் விளக்கேற்றி முடிக்கும்வரை வெளியே நில்லுங்கள். பிறகு தட்டுங்கள்.

யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்பார். என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.